லட்டு சோத்துல சேருமா?

…நாயமாங்க இது? ஆப்பரேசன் ரூம் வாசல் வரைக்கும் புள்ளையத் தள்ளிட்டுப் போயி, "இன்னைக்கு ஆகாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க! எதுக்கு? ஒரு வாய் என்னமோ தின்னுடுச்சாம். ஏழு வயசுப் புள்ளைங்க! நேத்து ராத்திரியிலிருந்து பட்டினி போட்டா அது காத்தையா குடிக்கும்?

என்ற தங்கச்சி மகளுங்க, தமிழ்ப்ரியா. நான் தாய்மாமன். காதுகுத்துக்கு என்ற மடியிலதான் உக்காந்தா. புது வேட்டி, நனைச்சுப்போட்டா… அது கெடக்கட்டும். என்ன சொல்ல வந்தேன்?

ஆங்… மூளையில ரத்தக்கொழாயிங்க. பொறப்புலயே சிக்கு விழுந்து கெடக்குதாம். லட்சத்துல ஒரு புள்ளைக்குத்தான் வருமாம். எங்க வகையறாவுல ஒருத்தனுக்கும் ஒரு லாட்டரி விழுந்ததில்லைங்க, இது மட்டும் எங்க ஊரு மார்டள்ளி வரைக்கும் தேடி வந்துருக்குது! பள்ளிக்கூடத்துல வலிப்பு வந்து விழுந்தப்பறந்தான் தெரிஞ்சுது. தொடையில ஓட்டை போட்டு, மூளை வரைக்கும் ஒயர் விட்டு, பசை வச்சு அடைப்பாங்களாம். தலையில நோவுன்னா தொடையில என்னங்க வேலை? கேட்டா டாக்டரு சிரிக்கறாரு. தோட்டத்துல சொட்டுநீர் பைப்பு ஒடைஞ்சா நானுந்தான் ஒட்டறேன், என்னைய ஆரு டாக்டருங்கறா?

அவரு பெங்களூர்ல இருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டுந்தான் வருவாரு. அடுத்த வியாழன் வரைக்கும் அந்தக் கொழாய் வெடிக்காம இருக்கோணும். ஏழு நாளுங்க!

எல்லாம் அந்த நர்சம்மா சௌம்யாவால. புள்ள வாயோரத்துல முந்திரித் துண்டு ஒட்டியிருந்துச்சாம். "ஊட்டா ஆய்த்தா புட்டி?"ன்னு, சோறு தின்னாச்சான்னு கன்னடத்துல கேட்டுச்சு. "இல்ல, லட்டுதான்"னா இவ. மாதேஸ்வரன் மலை லட்டுங்க! பிரசாதம்! நேத்து மலையேறிப் போயி வாங்கியாந்தது. பிரசாதம் சோத்துல சேருமா? வெரதம் இருக்கறவங்களே வாயில போட்டுக்கறாங்கல்ல? மயக்க ஊசி போடறப்ப வாந்தி வந்து மூச்சுக்கொழாயில ஏறிக்குமாம், உசுருக்கே ஆபத்தாம். அதை மொதல்லயே சொல்ல வேண்டாமா?

…சொன்னாங்க. ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு கட்டில்ல அட்டையே தொங்குச்சு. சாமி லட்டு என்ன பண்ணும்னு நெனச்சுட்டனுங்க.

"ஆரு குடுத்தா?"ன்னு கேட்டாங்க. புள்ள என்ற மொகத்தைப் பாத்துச்சு. பாத்துட்டு, "நானேதான் பையில இருந்து எடுத்தேன்"னுடுச்சு! பொய்யே சொல்லத் தெரியாத புள்ளைங்க. ஸ்ரீதேவி, அதுதான் என்ற தங்கச்சி, புள்ளையப் போட்டுத் திட்டு திட்டுன்னு திட்டறா. நான் செவுத்தோரமா நிக்கறேன். ஊர்ப் பஞ்சாயத்துல எட்டுப் பேரை அடக்கற வாய்ங்க இது, தொறக்கவே மாட்டேங்குது. வெக்கமா இருக்குதுங்க.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? உங்க பையனையும் ஆப்பரேசனுக்குக் கூப்பிட்டாங்களா? போயிட்டு… இருங்க, இருங்க. கையில என்னங்க பொட்டலம்? மேல்கோட்டைக் கோயில் புளியோதரையா? பையனுக்கு ஒரே ஒரு வாயா? அய்யோ, குடுங்க இப்படி! குடுங்கங்கறேன்! ஒரு பருக்கை உள்ள போகக்கூடாது!

ஸ்ரீதேவி! ஏ ஸ்ரீதேவி! புள்ளையத் திட்டாத அம்முணி… லட்டு குடுத்தது நாந்தான்!