மாப்பிள்ளையின் காதுக்கு நான்தான் பொறுப்பு

பாட்டு நல்ல பாட்டுதான் ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறாமையில் பேசுகிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மூன்றரை நிமிடம், முழுக்க சிந்தசைசர் என்கிற மின்னணுக் கீபோர்டு இசை, கேட்டால் கால் தானாக ஆடும். சும்மா சொல்லக் கூடாது, என் காலும் ஆடியது.

பாடியவன் என் தங்கையின் கணவன். எங்கள் ராக் குழுவில் பதினெட்டு வருஷமாக அவன் பாட்டு, நான் டிரம்ஸ். கல்யாணப் பேச்சையே ஓர் ஒத்திகை இடைவேளையில்தான் பேசி முடித்தோம். போன வருஷம் அவனும் கிடார்காரனும் சேர்ந்து, தனியாக ஒரு சிந்த்-பாப் முயற்சி என்று ஆரம்பித்தார்கள்.

"ஒரே ஒரு பாட்டு, சிங்கிள்தான் மச்சான். டிரம்ஸை மெஷினே அடிச்சிடும். நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றான்.

கை கால் நன்றாக இருப்பவனிடம் ரெஸ்ட் எடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்தாறு வயதில் அது கேவலம்தான்.

ஒரு வேலையை மட்டும் எனக்கு விட்டு வைத்தான். மேடையில் பாடுகிறவன் காதில் இயர்போன் இருக்கும். அதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஒருவர் மிக்ஸரில் கூட்டிக் குறைக்க வேண்டும். எங்கள் குழுவில் என் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே அவனுக்கென்று ஒரு சின்ன மிக்ஸர் இருக்கும். "வேற ஒருத்தன் கையில என் காதைக் குடுக்க மாட்டேன்" என்பான்.

ஒத்திகை ஆறு வாரம். தினமும் அவன் காதில் சத்தத்தைத் துளித்துளியாகக் கூட்டினேன். சத்தத்துக்குப் பழகிய காது மந்தமாகும். மந்தமானதும் அவனே "இன்னும் கொஞ்சம் ஏத்து மச்சான்" என்பான். கேட்டதைக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது என்றான். "பாடறவங்க எல்லாருக்கும் வர்றதுதான் மாப்ள, தூங்கினா சரியாப் போயிடும்" என்றேன். தங்கையிடம் சொல்லி அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

சத்தம் அளவு மீறினால் தானாகத் தடுத்துவிடும் வசதி ஒன்று மிக்ஸரில் உண்டு. பாட்டை மேடையில் வெளியிட்ட நாளன்று அதை அணைத்துவிட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மெஷின் டிரம்ஸை அவன் காதில் முழுதாக ஏற்றினேன். அவன் இயர்போனைப் பிடுங்கிப் போட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அத்தனை பேரில் என்னைத்தான் தேடினான். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்ததும் நான்தான்.

மிக்ஸர் கோளாறு என்று எல்லோரும் நம்பினார்கள். இடது காது போயே போய்விட்டது. வலது காதில் ஏதோ இரைச்சல் மட்டும். இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறாள். அவள் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். அதை வைத்து அவளைக் கிண்டல் செய்யப் பார்க்கிறான், பாவம். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. சாயங்காலம் போய் அவன் முதுகில் எங்கள் பழைய பாட்டுகளின் தாளத்தைத் தட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவான். மெஷினால் அது முடியாது.

நேற்றுதான் தங்கை அந்தப் பாட்டின் இசைத்தட்டு உறையைக் காட்டினாள். கடைசி வரியில், தாளம் என்று போட்டு என் பெயர். போன வருஷம் ஒரு நாள், "புது மைக் வந்திருக்கு, டெஸ்ட் பண்ணணும், ஒவ்வொண்ணா அடி மச்சான்" என்று என்னை உட்கார வைத்தது ஞாபகம் வந்தது. அந்த அடிகளைத்தான் பதிவு செய்து, மாற்றி, மெஷினில் ஏற்றியிருக்கிறான். பாட்டு முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்வதாக இருந்தானாம்.

அவன் காதைப் பறித்தது நான் அடித்த அடிதான் ஐயா. தெரிந்தே செய்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், என்னிடம் முன்னாடியே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம் இல்லையா? அதையும் சேர்த்து எழுதுங்கள்.