ஒரு லிட்டருக்குப் பத்துச் சொட்டு

— கோழித் தலையைப் புடிக்காத, சகாயமேரி. கையை எடு. அது தானா எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும்.

— மேலயே பாக்குதுங்கண்ணா. மேலயே பாத்துக்கிட்டு வட்டம் சுத்துது. அரூர்ல பஸ் ஏறுனதுல இருந்து இப்படித்தான். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள எந்திரிச்சுப் போயி, தர்மபுரி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா.

— எப்ப இருந்து கழுத்து இப்படி?

— நேத்து காலைல இருந்து. மொதல்ல வெள்ளையாக் கழிஞ்சுது. அப்புறம் பச்சையா. அப்புறம் கழுத்து. செத்தது அத்தனைக்கும் இதே வரிசைதாங்க. ரேசன் கடையில நிக்கற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு.

— சுகுணா, மோர் கொண்டா. வெயில்ல வந்திருக்குது புள்ள.

— கொண்டாந்துட்டேன். இந்தாங்க, குடிங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. ஒரு காலு ஆடும், செவுத்தோரமாச் சாஞ்சுக்கங்க.

— நீங்கதான் சுகுணா அக்காளா? அண்ணன் வாட்சப் குரூப்ல ஆடியோ பேசறப்போ பின்னாடி பாத்திரம் உருள்ற சத்தம் கேக்கும். எங்க மகளிர் குழுல எல்லாரும் சிரிப்போம். வைத்தியர் வூட்டு அக்கா எந்திரிச்சிருச்சுன்னு.

— நாந்தான். வேற யாரு வந்து வெளக்குவா?

— எத்தனை போச்சும்மா?

— என்னுது இருபத்தி மூணு. இதோட முடிஞ்சுது. மேலண்டத் தெரு பூராவும் சேத்தா எழுபதுக்கு மேல இருக்குங்க. எண்ணறதை விட்டுட்டோம். காலைல கோழி கவுத்த கொடாப்பைத் தூக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருது. உள்ளேயிருந்து சத்தம் வரலைன்னா போச்சு.

— நான் சொன்ன மாதிரி செஞ்சியா?

— அட்சரம் பிசகாம செஞ்சேங்க. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பங்கொழுந்து. அரைச்சு சுண்டைக்கா அளவு உருட்டி, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தண்ணியில நீலகிரித் தைலம், ஓமத் தைலம், புதினா எண்ணெய், மூணையும் கலந்து லிட்டருக்குப் பத்துச் சொட்டு. ‘சொட்டு விடற பில்லரைச் சாய்க்காத, நேராப் புடி’ன்னு சொல்லுவீங்களே, நேராத்தான் புடிச்சேன்.

— தண்ணி எதுல வெச்ச?

— பிளாஸ்டிக் டப்பாவுலங்க.

— அதான் பாத்தேன். மண்சட்டின்னு படிச்சுப் படிச்சு சொல்றேன். பிளாஸ்டிக்குல எண்ணெய் ஓரத்துல ஒட்டிக்கும். கோழி வாய்க்கு வெறும் தண்ணிதான் போவும். பக்குவம் வேணும்மா இதுக்கு.

— எதுத்த வூட்டு நிர்மலாதேவி மண்சட்டியிலதாங்க வெச்சா. அவ கோழியும் செத்துருச்சே.

— அவ எண்ணெய் எங்க வாங்குனா?

— நான் வாங்குன கடையிலதான்.

— கடை எண்ணெய்ல மண்ணெண்ணெய் வாடை வரும். மோந்து பாத்தியா?

— மோந்து பாக்கறதுக்கு இப்ப மூக்கு ஏதுங்க? தெரு முழுக்க வேற வாடை.

— ஏங்க, அவங்க பஸ் மாத்தி பஸ் மாத்தி வந்திருக்காங்க. சட்டி தப்பு, கடை தப்புன்னு பரீச்சை வெக்கறீங்களே.

— நீ சும்மா இரு சுகுணா.

— இல்லைக்கா, கேக்கட்டும். தப்பு எங்க கையிலன்னு தெரிஞ்சாக்கூட எனக்கு நிம்மதிதான். அண்ணா, நான் சண்டைக்கு வரலைங்க. உள்ள வர்றப்போ உங்க கோழிங்களைப் பாத்தேன். மினுமினுன்னு இருக்குது. அந்தச் செவலைச் சேவல் என் சீலையைக் கொத்த வருது. எனக்கு அழுகையே வந்துருச்சு. இதே தழை, இதே எண்ணெய். இங்க பலிக்குது, அங்க ஏங்க பலிக்க மாட்டேங்குது?

— கைப்பக்குவம்மா. வேற ஒண்ணுமில்லை.

— ஆங். அப்போ போறப்போ உங்க கையைக் கழட்டிக் குடுத்து அனுப்புங்க.

— சுகுணா.

— வாயை மூடிக்கிட்டேன்.

— அண்ணா, இந்தக் கோழிக்காக வரலைங்க. இது பொழைக்காதுன்னு எனக்கே தெரியும். உங்களுக்குக் காட்டறதுக்குத்தான் எடுத்தாந்தேன். நான் வந்தது வேற. நாளைக்கு சனிக்கிழமை. மாட்டாஸ்பத்திரியில கோழிக்கு ஓசியில ஊசி போடறாங்க. கீழண்டத் தெருவுல பதினோரு வூட்டுக்கு இன்னும் சீக்கு வரலை. ஊசிக்குப் போறதா வேணாமான்னு அவங்க என்னைத்தான் கேக்கறாங்க.

— உன்னை ஏன் கேக்கறாங்க?

— தை மாசம் ஊர்ல ஊசி போட வந்தப்போ, கோழியும் கையுமா நின்னவங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனது நாந்தானுங்க. ‘இங்கிலீஷ் மருந்துடி, கறி கசந்துரும், முட்டை குறைஞ்சுரும், வைத்தியரண்ணன் எண்ணெய் இருக்கறப்போ இது எதுக்கு’ன்னு உங்க ஆடியோவை அவங்க காதுகிட்ட வெச்சேன். ஊசி போட வந்த பொண்ணு வெயில்ல நின்னு பாத்துட்டு, ஐஸ் பொட்டியை மூடிக்கிட்டுப் போயிருச்சு. அதனால ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்றதுதான். போன்னா விடிஞ்சதும் பதினோரு வூட்டையும் எழுப்பறேன். வேணாம்னா எண்ணெயே.

— சீக்கு இருக்கற கோழிக்கு ஊசி குத்துனா சீக்கிரம் சாவும்.

— சீக்கு இல்லாத வூட்டைக் கேக்கறேங்க.

— இரு. கற்பூரவள்ளி பறிச்சிட்டு வரேன். பின்னாடிதான் இருக்குது.

— இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நீங்க ஏங்கண்ணா? நான் போறேன்.

— உனக்கு முத்துனது எது, கொழுந்து எதுன்னு தெரியாது. சுகுணா, அந்தத் தடியை எடு.

— மெல்லப் போங்க. பாசி புடிச்சிருக்குது அங்க.

— பாவம்க்கா. எப்படி இப்படி ஆச்சு?

— பெங்களூர்ல சாரத்துல இருந்து விழுந்தாரு. ஆறு வருசமாச்சு. மேரி, சேரை இப்படி இழுத்துப் போடுங்க. அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— நாளைக்கு அந்தப் பதினோரு வூட்டுக் கோழியையும் கூடையில போட்டுக் கொண்டு போயிருங்க. ஒண்ணு விடாம.

— அண்ணன் இன்னும் சொல்லலையே.

— எங்க கோழிக்கு ஊசி போட்டிருக்குது.

— எந்தக் கோழிக்கு?

— அல்லாத்துக்கும். உங்களைக் கொத்த வந்துச்சே, அதுக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான் கொண்டு போயி போட்டுக்கிட்டு வரேன். நாலு வருசமா. அவருக்குத் தெரியாது. அம்மா வூட்டுக்குக் கோழி கொண்டு போயி காட்டிட்டு வரேன்னு சொல்லுவேன். எந்தக் கிறுக்கி கோழியை அம்மா வூட்டுக்கு விருந்துக்குக் கூட்டிட்டுப் போவா? அவரும் கேட்டதில்லை.

— அக்கா, வெளையாடாதீங்க.

— வெளையாட்டா? விழுந்த மனுசன் ரெண்டு வருசம் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. சோறு வெச்சா அரை வாய். எங்கம்மா வூட்டுல இருந்து அஞ்சு குஞ்சு கொண்டாந்து விட்டேன். அதுங்க கட்டல்ல ஏறி அவரு வயித்து மேல தூங்கும். அதுக்காகவே ஆடாம படுத்திருப்பாரு. மெல்ல மெல்லப் பேச ஆரம்பிச்சாரு. அதுல மூணு இதே சீக்குல போச்சு. மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. அப்பத்தான் யாரோ போன்ல இந்த எண்ணெய் வைத்தியத்தை அனுப்புனாங்க. எந்திரிச்சு உக்காந்து அம்மியைக் கேட்டாரு. இன்னொரு தடவை கோழி செத்தா இந்த ஆளு எனக்கு இல்லைன்னு பட்டுச்சு. கூடையைத் தூக்கிட்டேன்.

— அப்போ எண்ணெய்?

— நல்லா மணக்கும். சளி கிளி புடிச்சா கேக்குமோ என்னவோ. இந்தச் சீக்குக்கு அது கேக்காதுங்க. ஊசி வேணாம்னு அவரு ஆடியோவுல பேசறப்போ எல்லாம் நான் வேணும்னேதான் பாத்திரத்தை உருட்டுவேன். உங்க காதுல விழாம போவட்டும்னு. நீங்க சிரிச்சிருக்கீங்க.

— ஊசி போட்டதுக்குச் சீட்டு இருக்குதா?

— கோழிக்கு எவன் சீட்டு குடுக்கறான்?

— எங்க பக்கம் ஒண்ணு சொல்லுவாங்கக்கா. வைத்தியன் பேச்சைக் கேளு, வைத்தியன் பொண்டாட்டி பேச்சைக் கேக்காதன்னு. மருந்து வெளியாளுக்குப் போயிட்டா வூட்டுல பலிக்காதாம். அதனால அவங்க ஏதாச்சும் சொல்லித் திருப்பி அனுப்புவாங்களாம்.

— மாதா மேல சத்தியமா சொல்றேன்.

— நீங்க மாதாவைக் கும்பிடறவங்க இல்லையே.

— சரி, முனியப்பன் மேல சத்தியம். போதுமா?

— மாதாவே. அக்கா, இது நெசமா இருந்தா எழுபது கோழியையும் நான் கொன்னதா ஆவும். எங்க தெரு எழிலரசி பதினாலு கோழியைக் குழியில போட்டுட்டு, மண்ணுக் கையோட வந்து என் வாசல்ல நின்னா. திட்டலை. நின்னுட்டுப் போயிட்டா. அவகிட்டப் போயி ‘டப்பாவுல தப்புடி, எண்ணெய்ல கலப்படம்டி’ன்னு சொல்ல எனக்கு வாய் வரும். ‘உன்னைக் கையைப் புடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்தேனே, அதுதான்டி’ன்னு எந்த வாயால சொல்றது? செபக்கூட்டத்துல என் பக்கத்துல பாய் போட ஆள் இல்லை இப்பவே.

— செத்தது போவட்டும். பதினோரு வூடு மிச்சம் இருக்குதே.

— அண்ணன் வாயால வரட்டும். அவரு போன்னு சொன்னா, அவரு சொன்னதைக் கேட்டு அன்னிக்கு வேணாம்னேன், அவரு சொன்னதைக் கேட்டு இன்னிக்குப் போறேன்னு ஆவும். எனக்கு ஒரு வழி கெடைக்கும்.

— வராரு. கேளுங்க. நானும் கேக்கறேன்.

— என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு?

— அக்கா கேலி பண்ணுதுங்கண்ணா. உங்க கோழிக்கெல்லாம் உங்களுக்குத் தெரியாம ஊசி போட்டிருக்குதாம். நாலு வருசமா. ஏங்கண்ணா, சிரிக்க மாட்டேங்கறீங்க?

— இந்தா, தழையைப் புடி. காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு சாறு எடு. இந்தப் பாட்டிலு நான் என் கையால கலந்தது. இதுல கலப்படம் இல்லை.

— நாளைக்கு ஊசிக்குப் போறதா வேணாமா? அதை ஒண்ணு சொல்லிருங்க.

— சொல்லுங்க. ஏங்க, அவங்களைப் பாத்து சொல்லுங்க.

— மண்சட்டியில வெய்யி. எண்ணெயை நிறுத்தாத.

— அப்போ ஊசி வேணாம்.

— மூணு மணி வண்டியை விட்டா அப்புறம் அஞ்சு மணிக்குத்தான் தர்மபுரிக்கு பஸ். கெளம்பும்மா.

— இது போதுங்கண்ணா. வைத்தியரே சொல்லிட்டாருன்னு சொல்லிக்கறேன். வரேங்கக்கா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.

— மேரி. இருங்க மேரி. ஏங்க, கூப்புடுங்க அவங்களை.

— விடு. போவட்டும்.

— கோழியை விட்டுட்டுப் போயிட்டாங்க, கூடையோட.

— அது அப்பவே போயிருச்சு. பாரு, கழுத்து நேராயிருச்சு. நம்ம கோழிங்க கிட்ட வராம பாத்துக்க. சுண்ணாம்பு போட்டு ஆழமாப் பொதைக்கணும்.

— ஏன் என்னைத் திட்ட மாட்டேங்கறீங்க?

— எதுக்குத் திட்டணும்?

— நாலு வருசமா ஏமாத்தியிருக்கேன். உங்க வைத்தியம்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்க, நானும் விட்டுட்டேன். எப்படியோ உக்காந்து எந்திரிக்கறாரு, நாலு பேர்கிட்டப் பேசறாருன்னு விட்டுட்டேன். இப்ப ஒரு தெருவே போச்சு. இன்னும் நேரம் இருக்குதுங்க. அவங்க அரூர் போயிச் சேர்றதுக்குள்ள குரூப்ல ஒரு ஆடியோ போடுங்க. ‘சுகுணா எனக்குத் தெரியாம ஊசி போட்டுட்டா, எண்ணெயை நம்பாதீங்க, நாளைக்கு எல்லாரும் ஊசிக்குப் போங்க’ன்னு. பழியை எம்மேல போடுங்க. நான் பாத்திரத்தை உருட்டலை.

— குரூப்ல நானூத்திப் பதினேழு பேரு இருக்காங்க. நான் விழுந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தவன் ரெண்டே பேரு.

— அதுக்கு இன்னா இப்ப?

— விடியறதுக்குள்ள ‘வைத்தியரே, வணக்கம்’னு வந்துருது. அரூர்ல இருந்து வருது. ஓசூர்ல இருந்து வருது.

— வரட்டும். ஊசி போடச் சொன்னா வணக்கம் சொல்ல மாட்டாங்களா? உங்களை யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? நம்பித்தான சொன்னீங்க.

— சுகுணா, கோழிக்கு எண்ணெய் தடவறப்போ ஒவ்வொண்ணோட றெக்கையையும் தூக்கிப் புடிக்கறவன் நானு. மொத ஊசி போட்டாந்த நாலாம் நாளே றெக்கைக்கு அடியில ஊசி குத்துன தடிப்பு என் வெரல்ல பட்டுச்சு. இனிமே நம்ம கோழி சாவாதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் புள்ள, நான் குரூப்பே ஆரம்பிச்சேன்.