புற்றுக்கு விசிறி, பிள்ளைக்கு வியர்வை

அரிசி ஆலை அதிபரும், அம்மன் மண்டபக் கமிட்டியின் தலைவரும், கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்ற இன்னும் மனம் வராதவருமான சக்கரபாணி அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் செயலாளர் ராமதாஸ் அவர்களே, இடப்பக்கம் வியர்த்திருக்கும் தலைமையாசிரியர் ராமகிருஷ்ணன் அவர்களே, மலையைச் சுற்ற வந்து மைக் சத்தம் கேட்டு நின்றுவிட்ட வெளியூர் அன்பர்களே, பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்றெடுத்த தாய்மார்களே, மேடை ஓரத்தில் குற்றவாளியைப் போல உட்கார வைக்கப்பட்டிருக்கும் ஆசிரியை சந்திரகலா அவர்களே, உங்கள் அனைவருக்கும் வேணு சவுண்ட் சர்வீஸ் வேணுவின் அன்பு வணக்கம்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார், சுருக்கமாகப் பேசச் சொல்லி. ஐயா, மணி உங்கள் கையில் இருக்கிறது, அடித்துக்கொள்ளுங்கள். மைக் செட் என்னுடையது.

எதற்காக இன்று கூடியிருக்கிறோம்? புற்றுக்குக் கல் மண்டபம் கட்ட. மண்டபத்துக்குள் மின்விசிறி மாட்ட. அதற்கு முன்னால், இந்தப் புற்றை வெறும் மண் என்று சொன்ன டீச்சர் இதே மேடையில் மன்னிப்புக் கேட்க. கேட்காவிட்டால் ஜவ்வாது மலைக்கு மாற்றச் சொல்லி மனு போகும். மனு தயார், கையெழுத்தும் தயார், மலையேற பஸ் ஒன்றுதான் பாக்கி.

வெளியூர்க்காரர்களுக்குக் கதை தெரியாது. சொல்கிறேன், கேளுங்கள்.

நமது பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சிமெண்ட் ஷீட்டுக் கூரை. ஆடு உள்ளே வருகிறதென்று அறைந்து சாத்திய ஜன்னல். பங்குனி வெயிலில் அங்கே பாடம் வேகிறதா, பிள்ளை வேகிறதா? பொன்னியின் மகள் வள்ளி, பரீட்சை எழுதிக்கொண்டே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்தார்கள், எழுந்தாள், மறுபடி எழுதச் சொன்னார்கள். கல்வி நிற்கலாமா?

சந்திரகலா டீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை. பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். கரையான் புற்றைக் காட்டிக் கேட்டார்: "வெளிய இவ்ளோ வெயில் அடிக்குது. உள்ள கரையான் எப்டி உசுரோட இருக்குது? சூடு மேல ஏறிப் போவுது, கீழ குளுந்த காத்து நுழையுது. நம்ம கிளாஸுக்கும் இப்டி வழி வெச்சா எப்டி இருக்கும்?" பிள்ளைகள் படம் போட்டார்கள். சுவரின் அடியில் துளைகள், கூரையின் உச்சியில் புற்றின் வாய் போல ஒரு திறப்பு. தலைமையாசிரியர் என்ன சொன்னார்? "சிலபஸ்ல புத்து இல்லையேம்மா" என்றார். பாவம், சிலபஸில் வெயிலும் இல்லை. செய்து காட்டினால் அதிகாரியிடம் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

செய்தார்கள். ஏரி மண்ணைக் குழைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரிப் புற்று, பள்ளிக்கூட வாசலில், மலை சுற்றும் பாதையோரம். காற்று ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே, கண்ணுக்குத் தெரியாதே? கீழ்த் துளையில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தார்கள். உச்சியில் புகை ஜோராகக் கிளம்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி.

மலை சுற்ற வந்த ஒரு அம்மாள் பார்த்தார். "ஐயோ தாயே, மூச்சு விடறாளே"ன்னு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வள்ளி ஓடிப்போய், "இல்லீங்க, நாங்கதான் ஊதுபத்தி வெச்சோம்"னு சொன்னாள். அந்த அம்மாள் சொன்னார்: "பாத்தீங்களா, கொழந்த வாயால ஊதுபத்தி கேக்கறா."

யார் சிரிக்கிறது, சுப்பன் அண்ணனா? சிரிக்காதீங்க, அன்னைக்கு நீங்களும்தான் விழுந்தீங்க.

விடிந்தால் மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. மறுநாள் முட்டை, பால். அதற்கடுத்து உண்டியல். அப்புறம், கேட்பானேன், கமிட்டி. ஊற்றிய பாலிலும் உடைத்த முட்டையிலும் துளைகள் அடைத்துக்கொண்டன. டீச்சர் கைகூப்பித்தான் சொன்னார்: "அடைக்காதீங்க, இது புள்ளைங்க செஞ்ச மண்ணுங்க, அதிகாரி வந்து பாக்கணும்." அவ்வளவுதான் அவர் செய்த தெய்வ நிந்தனை.

அம்மனைப் பழிக்காதே என்று ஒரு குரல் வருகிறது. அம்மனைப் பழிக்க எனக்கென்ன பைத்தியமா? ஆடி மாதம் நான் சோறு தின்பதே அவள் புண்ணியத்தில். நான் பழிப்பது அவளை அல்ல, அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களை. தலைவர் அவர்களே, உங்கள் மில்லில் நெல் அவிக்கும் கொட்டகைக்கு உச்சியில் திறப்பு வைத்தீர்களே, ஏன்? ஆவி வெளியேற. நெல்லுக்கு இரங்கிய நெஞ்சு பிள்ளைக்கு இரங்காதா? ஐந்தாம் வகுப்புக்கு விசிறி கேட்டபோது நிதியில்லை. மண்ணுக்கு மாட்ட நிதி உண்டு. வியர்க்காத புற்றுக்கு விசிறி, வியர்க்கிற பிள்ளைக்கு விபூதியா? எனக்குக் கோபம் வருகிறது ஐயா, மறைக்க விரும்பவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். நல்லது, முடிக்கிறேன்.

மன்னிப்புத்தானே வேண்டும்? இந்தப் புற்றை டீச்சர் மட்டுமா செய்தார்? மண் மிதித்தது உங்கள் பிள்ளைகளின் கால். துளை போட்டது உங்கள் பிள்ளைகளின் விரல். நாங்கள் வைத்த ஊதுபத்தி என்று உண்மையை முதலில் சொன்னதும் ஒரு பிள்ளைதான். டீச்சர் மன்னிப்புக் கேட்பதென்றால் ஐந்தாம் வகுப்பு முழுவதும் மேடையேறிக் கேட்க வேண்டும். தாய்மார்களே, நாங்கள் படித்தது தப்பு என்று சொல்ல உங்கள் பிள்ளையை இங்கே அனுப்பச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். காத்திருக்கிறேன்.

ஒரு கை தெரிகிறது. செயலாளர் ராமதாஸ் கை. ஐயா, உங்க பையன் டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல்லதானே படிக்கறான், நீங்க கையை இறக்குங்க.

வேறு கை? அந்தப் பந்தல் கால் பக்கம்? பொன்னியம்மா, நீங்க?

இல்லை. ஒருவரும் இல்லை.

தலைமையாசிரியர் அவர்களே, இந்தக் கூட்டத்தில் ஒரு தாயும் கை தூக்காததை நீங்களும் பார்த்தீர்கள். சனிக்கிழமை காலை ஐந்தாம் வகுப்புச் சுவரில் துளை போடப் போகிறோம், கடப்பாறை இருப்பவர்கள் கொண்டு வரலாம். டீச்சர், நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போங்கள். காலையில் வகுப்பு இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட கமிட்டியாருக்கும் நன்றி. தாய்மார்களே, தூக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டீர்களே, அந்தக் கைகளுக்கு என் வணக்கம்.