எண்ணாத மாடுகளின் பெயர்களை எழுதியவருக்கு

மேய்ச்சல் நிலங்களின் மெய்யான மருத்துவரே! நீள்கொம்பு மாடுகள் நெருங்கி நின்று முகரும் நேசக் கரத்தினரே! ருகரமா கால்நடை அலுவலகத்தின் தலைமை மருத்துவராய் இருந்து இன்று விடைபெறும் எங்கள் டாக்டரம்மா யூனிஸ் கெமிரெம்பே அவர்களே!

வணக்கம். இம்மடலில் தாங்கள் பணியாற்றிய ஆண்டுகள் எத்தனை என்று எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். மறதியால் அல்ல.

தங்கள் பொறுமையையும் நேர்மையையும் புகழ்வது எளிது. ஆனால் புகழ்மொழி எந்த அலுவலருக்கும் பொருந்திவிடும். தங்களுக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். அது எங்கள் தவற்றின் கதையும்தான்.

எங்கள் நாட்டில் மாடுகளை எவரும் எண்ணுவதில்லை. ஒவ்வொன்றையும் நிறத்தாலும் கொம்பாலும் பெயரிட்டு அறிவோம். எண்ணினால் குறைந்துபோகும் என்பது நம்பிக்கை. அதனால்தான் கன்றுகள் குறைந்ததும் எவர் கண்ணிலும் படவில்லை. ஓர் ஆண்டு பெரியவர் ருவகிடாரே அலுவலகத்துக்கு வந்து, தம் செம்பழுப்புக் காளை ருஹோகோவை வெட்டக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

“பசுவைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்குது டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை கறிக்காரன் வரான்.”

“மந்தையில எத்தனை கன்னு இருக்குய்யா?”

“நல்லா கேட்டீங்க போங்க! நீங்க உங்க பிள்ளைங்கள எண்ணிட்டா தூங்கப் போறீங்க?”

“எண்ண வேணாம்யா. பேரச் சொல்லுங்க. கன்னோட நிக்கிறவ யாரு, வெறுமனே நிக்கிறவ யாரு. அது போதும்.”

அவருடைய பட்டிக்கே போய் ஒரு பிற்பகல் முழுவதும் தாங்கள் அமர்ந்திருந்தீர்கள். அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். தாங்கள் ஒருமுறையும் அவரை அவசரப்படுத்தவில்லை. நோட்டின் இடப்பக்கம் கன்றுள்ள பசுக்கள், வலப்பக்கம் கன்றில்லாதவை. வலப்பக்கம் நிரம்பித் தாளைப் புரட்டியபோது பெரியவர் நோட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எவரும் எந்த எண்ணையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ருஹோகோவின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “உண்ணிக்கு என்னய்யா தெளிக்கிறீங்க?”

உண்ணி மருந்தோடு தக்காளித் தோட்டத்துப் பூச்சி மருந்தையும் கலந்து, வாரம் இருமுறை தெளிப்பதாக அவர் சொன்னார். அப்படிக் கலக்கச் சொன்னது யார் என்று கேட்டீர்கள்.

“யாரா? உங்க ஆபீஸ்தான்! இந்த பம்வினே தம்பிதான் சொன்னாரு. உண்ணி சாகுதுல்ல, அப்புறம் என்னன்னாரு.”

கலவையில் உண்ணி செத்தது உண்மை. ஆனால் பருவம் வந்ததென்று பசுவுக்கும், பசு காத்திருக்கிறதென்று காளைக்கும் சொல்லும் ஹார்மோன்களை அந்த நஞ்சு உள்ளுக்குள்ளேயே குழப்பிவிட்டது. மாடுகள் மேய்ந்தன, கொழுத்தன, பளபளத்தன. பிறக்க வேண்டியவை மட்டும் பிறக்கவில்லை. தாங்கள் தலைநகருக்கு அனுப்பிய இரத்த மாதிரிகளும் அதையே சொல்லித் திரும்பின.

பழியை மேய்ப்பர்கள்மேல் போட்டிருக்கலாம். மேலிடமும் அதையே விரும்பியது. தாங்களோ எல்லா மேய்ப்பரையும் மருந்து தெளிக்கும் பட்டியருகே கூட்டி, எங்கள் முன்னிலையில் சொன்னீர்கள்: “தப்பு எங்களோடது. தப்பாச் சொன்னது எங்க ஆபீசு. ருஹோகோவுக்கு மூணு மாசம் குடுங்கய்யா. கலக்காம, சரியான மருந்த மட்டும் அளவாத் தெளிங்க. அது தேறலேன்னா கறிக்காரன நானே கூட்டிட்டு வரேன்.”

“காளைக்கு வயசானா கறிக்கடை,” என்றார் பெரியவர். “டாக்டருக்கு வயசானா எங்க அனுப்புறது?”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது தாங்கள்தான்.

அந்த மூன்று மாதங்கள் எளிதாகக் கழியவில்லை. உண்ணிக் காய்ச்சலில் அவருடைய இரண்டு கிடாரிகள் இறந்தன. அவர் தங்களோடு பேசுவதை நிறுத்தினார். ஆயினும் தாங்கள் வாரந்தோறும் அவர் பட்டிக்குப் போய், எதிரில் அமர்ந்து, கையால் உண்ணி பொறுக்கினீர்கள். அவரும் பொறுக்கினார். மழை தொடங்கிய வாரம் ருஹோகோ வேலி தாண்டியது. செய்தி சொல்ல ஓடிவந்த பெரியவருக்கு மூச்சு வாங்கியது: “பக்கத்துப் பட்டிக்கே போயிட்டான் டாக்டரம்மா, அந்தத் திருட்டுப்பய!”

அடுத்த ஆண்டு மழைக்குள் வலப்பக்கத்துப் பெயர்கள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் வந்தன. இன்று ருகரமாவில் எவரும் கலப்பதில்லை, இனியும் கலக்கமாட்டோம். அந்த நோட்டு இனி பம்வினேயின் மேசையில் இருக்கும். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தம் பெயரைக் கையொப்பத்தில் கடைசியாக எழுதுமாறும் அவரே சொன்னார்.

தங்களுக்கு இன்று நெய்க்குடமும் பால்கலமும் தருகிறோம். இவற்றினும் பெரிய பரிசு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது. தம் வாழ்நாளில் ஒருமுறையும் மாட்டை எண்ணாத பெரியவர் ருவகிடாரே, தங்களுக்காக இவ்வாண்டுக் கன்றுகளை எண்ணியிருக்கிறார். இம்மடல் படித்து முடிந்ததும் மேடைக்கு வந்து, அந்த எண்ணைத் தங்கள் காதில் மட்டும் சொல்வார். அப்போது நாங்கள் அனைவரும் எங்கள் காதுகளைப் பொத்திக்கொள்வோம்.

தங்கள் ஆண்டுகளையோ நாங்கள் எண்ணப் போவதில்லை. எண்ணாமல் விட்டவை பெருகட்டும்! நோயின்றி, நிறைவோடு, நெடிது வாழ்க!

தங்கள் அன்பு மறவாத,
ருகரமா கால்நடை அலுவலகப் பணியாளர்கள்,
அவர்களோடு, கடைசியாக, பம்வினே