பிரமிளா பெயரில் கோலப்போட்டி

மேடையில் வீற்றிருக்கும் மாணவர் பேரவைத் தலைவர் திரு. விக்னேஸ்வரன் அவர்களே, ஆலோசகர் திரு. கனகராஜ் அவர்களே, ஈப்போவிலிருந்தும் செமோரிலிருந்தும் துயரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முனைவர் பிரமிளா நம்மை விட்டுப் போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் அவரோடு ஒரே அறையில் பணியாற்றிய விமலா நான். "ரெண்டு நிமிஷம் பேசுனா போதும் மேடம், நேரமாயிருச்சுலா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களிடம் யாரும் நேரத்தைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. ஆகவே நானும் அதைப் பற்றிக் கவலைப்படப்போவதில்லை.

அவரைத் தாய் என்றீர்கள், தெய்வம் என்றீர்கள், பொறுமையின் சிகரம் என்றீர்கள். பிரமிளாவா பொறுமைசாலி? நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள்.

செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த மரநிரையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா படுத்துக்கொள்வார், அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் எப்படிக் களைப்பு வந்தது? சிறுவயதில் பிரமிளா கேட்ட இந்தக் கேள்விக்கு வீட்டில் கிடைத்தது கன்னத்தில் ஓர் அறைதான். புதிய மாணவர்களுக்கு அவர் தொடங்கிய ஆண் பெண் சமத்துவ வகுப்பிலும் இதையேதான் கேட்டார்.

பாகான் டத்தோவிலிருந்து வந்த மாணவன் தர்மாவிடம் முதல் நாளே, "நீ போட்டிருக்கற சட்டையத் துவைச்சது யாருப்பா?" என்றார்.

"அம்மாதான் மேடம். லீவுக்குப் போறப்ப எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்திருவேன்லா."

வகுப்பே சிரித்தது.

"அவங்க துணிய நீ எப்பத் துவைச்ச?"

அடுத்த விடுமுறையில் தர்மா அம்மாவின் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டான். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், பையனுக்கு யாரோ வசிய மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்களாம்.

அந்த வகுப்பை நாம் என்ன செய்தோம்? இதே பேரவையிலிருந்து சிலர் நிர்வாகத்திடம் போய், "இந்தம்மா குடும்பத்தைக் கெடுக்கறாங்க" என்று புகார் சொன்னார்கள். சென்ற ஆண்டு வகுப்பு நிறுத்தப்பட்டது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னவர்கள் இன்று படத்துக்கு மாலை போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிரமிளா அழவில்லை. மீரா சாஹிப் பாயிடம் அவருடைய உணவகத்துப் பின்னறையைக் கேட்டு வாங்கினார். நெஞ்சுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அங்கேயே வகுப்பெடுத்தார். மருத்துவமனைப் படுக்கையில் என்னிடம் கேட்டதும் ஒன்றுதான்: "வகுப்பு நின்னுருமா விமலா?"

சற்றுமுன் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். பிரமிளா நினைவாக ஆண்டுதோறும் கோலப்போட்டி, மாணவிகளுக்கு மட்டும். நீங்களும் கைதட்டினீர்கள். கோலம் அழகானதுதான், நானும் போடுவேன். ஆனால் வாழ்நாளெல்லாம் சமத்துவம் பேசியவரின் பெயரால் மாணவிகளை மட்டும் தரையில் குனிய வைக்கலாம் என்ற யோசனை வேறு யாருக்காவது வருமா? நமக்குத்தான் வரும்.

நீங்கள் போட்டியை நடத்திக்கொள்ளுங்கள். வகுப்பை நான் நடத்துவேன். வருகிற சனிக்கிழமை தொடங்குகிறது. எத்தனை புகார் போனாலும் நிற்காது. பிரமிளா, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அடுத்து மௌன அஞ்சலி என்கிறார்கள். எழுந்து நிற்பதற்கு முன் இந்த மண்டபத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவிகள் எங்கே? பின்கட்டில் உங்களுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் ஆசிரியைக்காக அழக்கூட அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. முன்வரிசைப் பெரியோர்களே, தயவுசெய்து நீங்களே போய் அடுப்பை அணைத்துவிட்டு அவர்களை அழைத்து வாருங்கள். அதுவரை நான் இந்த ஒலிவாங்கியை விட்டு நகரப்போவதில்லை.