முன்வாசலில் ஒரு கூடை

மூன்று நிமிடத்தில் முழு மனதையும் கொட்டச் சொல்லும் மாவட்ட அவைத் தலைவர் அவர்களே! மாவட்டச் சிறையின் சாவியைக் கையில் வைத்து, மடியில் தொப்பியோடு அமர்ந்திருக்கும் ஷெரிஃப் அவர்களே! கோழி ஆலையில் காலை வேலை முடித்து, கையுறைத் தடம் மறையுமுன் வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

பெயரைச் சொல்லாதே, நம்மையும் தேடி வருவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே கதையை முதலில் சொல்கிறேன்.

என் தந்தை உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினார். குற்றம்தான். பிடித்தீர்கள், சரிதான். நேற்று நீதிபதி அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். வந்தாரா? வரவில்லை. இரண்டு நாள் பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து அழைத்துப்போகிறோம் என்று குடிவரவுத் துறை ஒரு தாள் அனுப்பியிருந்தது. அதில் நீதிபதியின் கையெழுத்து உண்டா? இல்லை. எங்களுக்குச் சொன்னவர் உண்டா? இல்லை.

அம்மா அறிந்ததெல்லாம் குவாத்தமாலாச் சிறை. அங்கே கைதிக்கு வீடுதான் உணவு கொடுக்க வேண்டும். அதனால் மக்காச்சோள மாவில் தமால் செய்து, வாழையிலையில் மடித்து, கூடை நிறைய எடுத்துக்கொண்டு, நினைத்தாலே அவள் பயப்படும் உங்கள் சிறைக்கு இன்று காலை போனாள். மொழிபெயர்க்க நானும் போனேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த காவலர் வெர்லீன் அம்மையாரும் சிரித்தார்.

"இங்க நாங்களே சாப்பாடு போடுறோம்மா."

"நீங்க போடுறதுல காரம் இருக்குமா?" என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டே அப்பாவின் பெயரைத் தேடியவர், சிரிப்பை நிறுத்தினார்.

"இவரத்தான் நீதிபதி நேத்தே விட்டுட்டாரே!"

அப்போதுதான் எங்களுக்கே தெரியும். கூடை போயிராவிட்டால், அவர் குடிவரவுத் துறை வண்டியில் பின்வாசல் வழியே போயிருப்பார். நாங்கள் முன்வாசலையே பார்த்திருப்போம்.

பின்வரிசை ஐயா 'சட்டம்' என்கிறார். ஐயா, நானும் அதைத்தான் கேட்கிறேன். நீதிபதியின் சொல் சட்டமில்லையா? கையெழுத்தில்லாத தாளுக்காக யாரையும் அடைத்துவைக்க வேண்டாம் என்பதுதானே இன்றைய தீர்மானம்?

அதோ, மூன்றாம் வரிசையில், சீருடை இல்லாமல் வெர்லீன் அம்மையார். அவரை யாரும் அழைக்கவில்லை. வந்திருக்கிறார். பயந்தவள் சிறைக்குப் போனாள். சிறையைக் காப்பவர் அவைக்கு வந்தார். இனி எனக்கென்ன பயம்?

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த இரண்டு நாள் கெடு முடிகிறது. முன்கதவா, பின்கதவா, எந்தக் கதவு திறக்கும்? சாவி இந்த அறையில்தான் இருக்கிறது. நாங்கள் முன்வாசலில் நிற்போம். கூடையில் ஷெரிஃப் அவர்களுக்கும் ஒன்று இருக்கும், காரம் குறைவாக.

அம்மா, மன்னித்துவிடு. நான் பவுஸ்தினோவின் மகள் ஒஃபேலியா. காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. காலையில் வாசலில் சந்திப்போம். வணக்கம்.