மின்சாரம் வந்த பிறகு எழுந்து போனவருக்கு

முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் எங்கள் மருந்துக் கிடங்கின் காவலாய், காவலுக்குக் கண்ணாய், கண்ணுக்குள் மணியாய் விளங்கி, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் காப்பாளர் அம்மையாரே! கணக்கில் கறாரே! கடமையில் கற்பாறையே! குளிர்பெட்டியின் குறிப்பும் அறிந்த கோமகளே! எங்கள் பட்டனக்காவே!

கடைசிப் பெயரைக் கேட்டு அவையில் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். வைத்தவர்கள் நாங்கள்தான். அதை ஏன் வைத்தோம், அந்தப் பெயருக்கு உரியவரை என்ன பாடு படுத்தினோம் என்று சொல்லவே இந்த மடல். அம்மையாரே, தங்கள் பணிப்பதிவேட்டில் ஒரு பொய் ஏறியிருக்கிறது. அந்தப் பதிவேட்டை இன்று மாலை மூடிவிடுவார்கள். அதற்குள் இதைப் பேசியாக வேண்டும்.

மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களுக்குத் துணையாய், ஒரு யூபிஎஸ் உட்கார்ந்திருந்தது. தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் அதன் அபாய மணிக்கும் அதுவே உயிர்நாடி. மின்சாரம் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் பேட்டரி தீர்ந்து தானாய் அணைந்துவிடும். அதுவரை அதன்மேல் குற்றமில்லை. மின்சாரம் திரும்பி வந்ததும்தான் அதன் குணம் தெரியும். கட்டடம் முழுக்க விளக்கெரியும், மின்விசிறி சுழலும், கணினிகள் கண் விழிக்கும். அதுவோ வருகிற மின்சாரத்தையெல்லாம் தன் பேட்டரிக்கே ஊட்டிக்கொண்டு, குளிர்பெட்டிக்கு ஒரு துளியும் தராமல் கம்மென்று கிடக்கும். மணியும் அதை நம்பியே இருந்ததால் மணியும் ஊமை. யாராவது போய் அதன் பச்சைப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் பெட்டிக்கு உயிர் வரும். ஆக, ஆபத்து இருட்டில் இல்லை, வெளிச்சம் வந்த பிறகே இருந்தது. இது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

மின்சாரம் போனால் புலம்புவதும் வந்தால் கைதட்டுவதும் எங்கள் திருப்பணி. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் தாங்கள் எழுந்திருப்பீர்கள். போனவுடன் பட்டனை அழுத்தவும் மாட்டீர்கள். "வந்த கரண்ட் நிக்குதான்னு பாக்கணும்ப்பா. வந்த வேகத்துல திரும்பப் போனாலும் போகும்" என்று படிக்கட்டடியில் ஒட்டடைக்கு நடுவே பத்து நிமிடம் காத்து நிற்பீர்கள். "பட்டனக்கா கிளம்பிட்டாங்கடோய்!" என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் கெக்கலித்தது தங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது.

அந்த யூபிஎஸ் தானாகவே திரும்ப இயங்கும்படி மாற்றலாமாம், கம்பெனி மெக்கானிக்கை வரவழையுங்கள் என்று பதினொரு கடிதம் எழுதினீர்கள். அன்றைய கண்காணிப்பாளர், இன்று படிப்படியாய் உயர்ந்து இம்மேடையில் நடுநாயகமாய் வீற்றிருக்கும் பெருந்தகை, பதினொன்றுக்கும் ஒரே பதிலைத் திருவாய் மலர்ந்தருளினார்: "அதான் நீங்க இருக்கீங்களேம்மா. ஒரு பட்டனை அமுக்குறதுக்கு மெக்கானிக்கா?"

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தங்கள் கணவருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தீர்கள். முதல் நாள் மாலை எங்கள் ஐவரையும் மேசையருகே கூப்பிட்டு, "நாளைக்கு கரண்ட் போச்சுன்னா, திரும்ப வந்ததும் யாராவது ஒருத்தர் மறக்காம கீழ போயி அந்தப் பச்சை பட்டனை அமுக்கிருங்க. புள்ளைங்களுக்குப் போடுற மருந்துப்பா" என்றீர்கள். "அட, நாங்க பாத்துக்குறோம்க்கா. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்றோம். ஐந்து பேரும் சொன்னோம்.

மறுநாள் காலை பத்துக்குப் போன மின்சாரம் ஒன்றேமுக்காலுக்கு வந்தது. வழக்கம்போல் கைதட்டினோம். அவர் போவார் என்று இவரும் இவர் போயிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்தோம். அடுத்த நாள் விடிந்ததும் வந்து பெட்டியைத் திறந்தவர் தாங்களே. வெப்பமானி பத்தொன்பது டிகிரியைக் காட்டியது. எட்டைத் தாண்டவே கூடாத மருந்து! வாசலில் கைக்குழந்தைகளோடு நாற்பது தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்பித் திருப்பி அனுப்பியதும் தாங்களே.

விசாரணை வந்தது. "லீவுல போறப்ப யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாங்களா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். எங்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு வாசல் வரை வந்திருந்தது. இருவருக்கு வேலையே இன்னும் நிரந்தரமாகவில்லை. மற்ற இருவருக்கு எந்தச் சாக்கும் இல்லை, வெறும் பயம்தான். "எங்ககிட்ட எதுவும் சொல்லலீங்க" என்று ஐந்து பேரும் எழுதிக் கையெழுத்திட்டோம். கண்காணிப்பாளரோ அந்தப் பதினொரு கடிதங்களும் தம் பார்வைக்கே வரவில்லை என்றார். தங்கள் பதிவேட்டில் "கவனக்குறைவு" என்று ஏறியது. கவனமே உருவான தங்களுக்கு! பழைய கோப்பு அறைக்குத் தூக்கியடித்தார்கள். தங்களிடம் தொழில் கற்ற எங்களில் இருவர் தங்களைத் தாண்டி மேலே போனோம்.

அடுத்த வாரமே மெக்கானிக் வந்தார். யூபிஎஸ்ஸின் பின்புறம் ஏதோ ஒன்றை மாற்றினார். அவருக்கு வாங்கி வைத்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்றிலிருந்து அது தானாகவே இயங்குகிறது.

தங்கள் கணவர், தம் கண் சிகிச்சையால்தான் தங்களுக்கு இந்தக் கதி வந்தது என்று கடைசிவரை சொல்லிச் சொல்லி மாய்ந்து, போன ஆண்டு கண் மூடினார். அவர் உயிரோடிருக்கும்போது சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மேடையில் இருக்கும் பெருந்தகை முகம் சுளிக்க வேண்டாம். அவர் ஒப்புதல் அளித்த, "அப்பழுக்கற்ற சேவை" என்று பொன்னெழுத்தில் பொறித்த மடல், கண்ணாடிச் சட்டத்தோடு அந்த மேசைமேல் பத்திரமாய் இருக்கிறது. விருப்பப்பட்டால் அவரே வாசிக்கலாம். நாங்கள் வாசிக்கும் இம்மடலின் பிரதி, ஐந்து பேரின் புதிய வாக்குமூலத்தோடும் பழைய கோப்புகளில் நாங்கள் தேடியெடுத்த அந்தப் பதினொரு கடிதங்களின் நகலோடும், இன்று காலையே தலைமை அலுவலகத்தில் நேரில் சேர்க்கப்பட்டு முத்திரையும் பெற்றுவிட்டது. எங்கள்மேல் நடவடிக்கை வரும். வரட்டும்.

தீர்ப்பு வந்த அன்று தாங்கள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஐவரையும் ஒருமுறை பார்த்து, "நான் சொல்லலையாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகும் எங்கள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தீர்கள், எங்கள் வீட்டுத் துக்கங்களுக்கு முதல் ஆளாய் வந்தீர்கள். அந்தக் கேள்வியைத் தாங்கள் மறுபடி கேட்டதே இல்லை.

மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. கேட்கவும் இல்லை. நோய் அண்டாத உடலும், நொடியும் குலையாத உள்ளமும், நிம்மதியான உறக்கமும் நிறையப் பெற்று, நூறாண்டு கடந்தும் நலமோடு வாழ வேண்டும் என்று தலை தாழ்த்தி வாழ்த்தி வணங்கும்,

தாங்கள் சொன்னதை எதிரில் நின்று கேட்ட ஐவர்.